பாதியை எடுத்துப் பார்த்தவர்

அந்த அக்காவிடம் 'எப்பவும்' என்ற சொல்லை மட்டும் சொல்லிவிடக் கூடாது. 'எப்பவும் இப்படித்தான் ஆகுது' என்று வாயெடுத்தால் போதும், மூக்குக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கி நம்மைப் பார்த்து, "எப்பம்?" என்பார்.

சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். டெல்லிக்கு வந்து பாதி ஆயுள் போன பிறகும் அந்த 'எப்பம்' மட்டும் எந்த ஹிந்திக்காரராலும் தேய்க்க முடியாமல் அப்படியே இருந்தது. வேலை கணக்குத் தணிக்கை அலுவலகத்தில். அடுத்தவர் செய்த தவறைக் கண்டுபிடிப்பதற்கு மாதச் சம்பளம் வாங்கியவர். "என் மனைவி இதையே இலவசமா செய்யறாக்கா" என்று ஒரு தடவை சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால், "என்ன தப்பைக் கண்டுபிடிச்சா?" என்று கேட்டார். பதில் கொஞ்சம் நீளம் என்பதால் பேச்சை மாற்றினேன்.

லக்ஷ்மிபாய் நகர் அரசு குவார்ட்டர்ஸில் எங்களுக்கு ஒரே மாடிப்படி. நாங்கள் கீழே, அவர் மேலே. வீடு அக்கா பெயரில் ஒதுக்கப்பட்டது. ஊரில் பள்ளிப் படிப்பு முடித்த தம்பி மோகனை வரவழைத்து, படிக்க வைத்து, ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்த்து, லலிதாவைக் கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் அந்த இரண்டு அறைக்குள்தான். நித்யா பிறந்து தவழ்ந்ததும் அங்கேதான். அக்கா ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால், "எப்பம்?" என்றிருப்பார்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கதையில் கம்ப்யூட்டர் எப்படி வந்தது என்று புரியாது. அமைச்சகத்தில் கோப்பு தள்ளுகிற வேலை. அந்த வேலையில் மிச்சமாகிற அறிவை வீணாக்காமல், காலனிக்காரர்களுக்கு வீடியோ தொகுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வளைகாப்பு, காவடி, பணி ஓய்வு விழா, எதுவானாலும் என்னிடம் வரும். நான் பயன்படுத்தியது இலவச சாஃப்ட்வேர். உலகம் முழுக்க யார் யாரோ சேர்ந்து எழுதி, உள்ளே என்ன இருக்கிறது என்று எவரும் திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தது. நான் திறந்து பார்த்ததில்லை. என் கார் பானட்டையே நான் திறந்து பார்த்ததில்லை.

அந்த சாஃப்ட்வேருக்கு ஒரு பழக்கம் உண்டு. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று, சாட்சிக் கூண்டில் ஏறிய அதிகாரி மாதிரி, பேச்சை நிறுத்திவிட்டு நம்மையே பார்க்கும். எனக்கும் ஒரு பழக்கம் உண்டு. அது நின்றதும் முதலில் ஸ்பேஸ் பாரைத் தட்டுவேன். பிறகு பலமாகத் தட்டுவேன். பிறகு மவுஸை மாவாட்டுகிற மாதிரி சுற்றுவேன். மலை மந்திர் முருகனுக்கு ஒரு அர்ச்சனை நேர்ந்துகொள்வேன். சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவேன். அதுவும் பலிக்காவிட்டால் சமையலறைப் பக்கம் திரும்பி, "இப்ப யாரு கிரைண்டரைப் போட்டது?" என்று கத்துவேன். கிரைண்டர் ஓடியிருக்கவே ஓடியிருக்காது.

எங்கள் டைரக்டரின் ஓய்வு விழா வீடியோவுக்காக அப்படிக் கத்திக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அக்கா முதல் முறையாகக் கீழே எங்கள் வீட்டுக்கு இறங்கி வந்தார்.

"என்னப்பா, வீட்டுல யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?"

"உடம்பு இல்லக்கா. வீடியோ நின்னுடுச்சு. எல்லாமே போச்சு."

"எல்லாமேன்னா? ஃபேன் ஓடுதே."

"ஜோக்கடிக்காதீங்கக்கா. இந்த சாஃப்ட்வேர் எப்பவும் இப்படித்தான்."

"எப்பம்?"

அப்போதுதான் கவனித்தேன், எனக்குப் பதில் தெரியவில்லை. எந்த இடத்தில் நிற்கிறது, எதைச் செய்த பிறகு நிற்கிறது, ஒவ்வொரு முறையும் அதே இடமா, எதுவுமே தெரியாது. பயந்துகொண்டிருந்ததில் பார்க்கவில்லை.

அக்காவுக்கு வீடியோ தொகுப்பதைப் பற்றி ஒன்றும் தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, திரையில் வரிசையாக நிற்கிற துண்டுகளைக் காட்டி, "இதுல பாதியை எடு" என்றார்.

"எந்தப் பாதிக்கா?"

"ஏதாவது ஒரு பாதி. அழிக்கச் சொல்லலை. ஒதுக்கி வை."

பின்பாதியை ஒதுக்கினேன். ஓடியது. அதை வைத்து முன்பாதியை ஒதுக்கினேன். நின்றது. "அப்பம் குத்தம் பின்பாதியில இருக்கு. அதுல பாதியை எடு." இப்படியே பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போனதில், கடைசியில் ஒரே ஒரு புகைப்படம் மிஞ்சியது. டைரக்டர் காஷ்மீரில் சால்வை போர்த்திக்கொண்டு நிற்கிற படம். அவர் மருமகன் ஏதோ பெரிய கேமராவில் எடுத்தது; அமைச்சகக் கட்டடத்தின் சுவர் முழுக்க ஒட்டலாம், அவ்வளவு பெரிய ஃபைல். அதைத் தூக்க முடியாமல்தான் என் ஏழைக் கம்ப்யூட்டர் மூச்சுத் திணறியிருக்கிறது. படத்தைச் சின்னதாக்கிப் போட்டதும் எல்லாம் ஓடியது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து ஆடாத குறை.

"இரு" என்றார் அக்கா. "பெரிய படத்தைத் திரும்ப வை."

"எதுக்குக்கா? அதான் ஓடுதே."

"எடுத்தா ஓடுது. வச்சா நிக்கணும்லா. ரெண்டையும் பாத்தாத்தான் நிச்சயம். இல்லேன்னா அது விசாரணை இல்லை, சும்மா பழி."

திரும்ப வைத்தேன். நின்றது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டியிருந்தது. சேமித்து வைக்காத ஒரு பாட்டும் அதோடு போனது. அக்கா மட்டும் திருப்தியோடு எழுந்து, "இப்பம் ரிப்போர்ட் எழுதலாம்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

அதன் பிறகு விடுமுறை நாட்களில் அக்கா கீழே வருவது வழக்கமாகிவிட்டது. எதுவும் நிற்காத நாட்களில் அவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம்கூடத் தெரியும். அந்த சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு இணையத்தில் ஒரு மன்றம் உண்டு. கஷ்டத்தை எழுதிப் போட்டால் யாராவது பதில் சொல்வார்கள். நான் அரசு ஊழியன். 'மிகவும் அவசரம், எப்பவும் நிற்கிறது, ஆவன செய்யவும்' என்ற தோரணையில் ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். எங்கேயோ ஒரு தேசத்திலிருந்து ஒருவர், எந்தப் பதிப்பு, எந்தக் கம்ப்யூட்டர், என்ன செய்யும்போது நிற்கிறது, மறுபடி செய்தாலும் நிற்கிறதா என்று கேள்வியாக அடுக்கிப் பதில் போட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. அக்கா அதை இரண்டு தடவை படித்தார்.

"இவ்வோ நம்ம ஆளுங்கப்பா" என்றார்.

பிறகு இன்னொன்றும் சொன்னார். "காசு குடுத்து வாங்கியிருந்தா, வித்தவன்கூடச் சண்டை போட்டே பொழுது போயிரும். இது சும்மா குடுத்தது. சண்டை போட ஆள் இல்லை. அதனாலதான் தப்பைத் தேட முடியுது."

இப்படிப்பட்டவரோடு வீடியோ தொகுக்கலாம். ஒரே வீட்டில் இருக்க முடியுமா என்று கேட்டால், அதற்கு லலிதாவைத்தான் கேட்க வேண்டும்.

குவார்ட்டர்ஸில் இருந்தவரை பெரிதாக ஒன்றும் வெளியே தெரியவில்லை. அக்கா காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். லலிதாவுக்குப் பகல் முழுக்க வீடு தன்னுடையது. அக்கா ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. டெல்லியிலேயே துவாரகாவில் மோகன் ஏற்கெனவே வாங்கிப் போட்டிருந்த ஃபிளாட்டுக்கு எல்லோரும் போனார்கள். அதுவரை தம்பி குடும்பம் அக்கா வீட்டில் இருந்தது. அன்றிலிருந்து அக்கா தம்பி வீட்டில் இருந்தார். அதே நாலு பேர், அதே பாத்திரங்கள். மாறியது கதவில் இருந்த பெயர்ப் பலகை மட்டும்தான். அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது பெயர் எடுக்கப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

லலிதா நல்ல பெண். பாடிக்கொண்டே சமைப்பாள், அதிர்ந்து பேசினால் பிறகு அவளே வருத்தப்படுவாள். ஆனால் எல்லா வீட்டிலும் எல்லோரும் பேசுகிற மாதிரிதானே அவளும் பேசுவாள்.

"இந்த வீட்டுல எப்பவும் நான்தான் சாகறேன்" என்பாள், யாரையும் குறிப்பாகச் சொல்லாமல்.

"எப்பம்?" என்று கேட்பார் அக்கா, குறிப்பாக. "நேத்து பாத்திரம் மோகன்லா கழுவினான். முந்தாநாள் நான் கழுவினேன்."

நாம் பாத்திரத்தைப் பற்றியா புலம்புகிறோம்? ஆனால் அக்காவுக்கு அது பாத்திரம்தான். ஒரு நாள் வீட்டில் ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அக்கா பாதி வீட்டின் பிளக்குகளைப் பிடுங்கி, மீதியைப் போட்டு, மறுபடி பாதியைப் பிடுங்கி, கடைசியில் குற்றவாளியைக் கண்டுபிடித்தார். லலிதாவின் அம்மா சீராகக் கொடுத்த மிக்ஸி. உறுதி செய்துகொள்வதற்காக அதைத் திரும்பச் செருகி, வீட்டை இன்னொரு முறை இருட்டாக்கியும் காட்டினார். அன்று வீட்டில் லலிதாவின் அம்மா விருந்தாளியாக வந்திருந்தார்.

கோவிலில் ஒரு முறை லலிதாவைப் பார்த்தேன். "எப்படிம்மா இருக்கே?" என்றதும் கண் கலங்கிவிட்டது.

"அண்ணா, அந்த வீட்டுல என்னால நிம்மதியா அழக்கூட முடியலை. அழுதா எதுக்குன்னு காரணம் சொல்லணும். சொன்னா அது சரியான காரணமான்னு பாப்பாங்க."

நான் ஏதோ ஜோக் சொல்லி அவளைச் சிரிக்க வைத்து அனுப்பினேன். அடுத்தவர் துக்கத்தைப் பார்த்தால் எனக்கு உடனே ஜோக் வந்துவிடும். அதுவும் ஸ்பேஸ் பாரைத் தட்டுவது மாதிரிதான். பயத்தில் செய்வது.

அக்கா இதையெல்லாம் கவனிக்காதவர் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் கையில் ஒரு பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஒரு வாரம் இங்க இருக்கலாமாப்பா?"

என் மனைவிக்குச் சந்தோஷம். அக்கா வந்தால் நான் கத்துவது குறையும். "என்னக்கா, வீட்டுல சண்டையா?" என்று நான் கேட்டேன்.

"சண்டை இல்லை. அங்க ஏதோ இறுக்கமாவே இருக்கு. எதுனாலன்னு பாத்துட்டிருக்கேன்."

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. வீட்டிலிருந்து ஒரு துண்டை ஒதுக்கி வைத்துப் பார்க்கிறார். ஒதுக்கியது தன்னை.

வாரக் கடைசியில் நித்யா போன் செய்தாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார். ரகசியம் என்று ஒன்று அவரிடம் கிடையாது. நித்யா டெல்லியில் பிறந்த பெண். தமிழை ஹிந்தியில் தோய்த்துத்தான் பேசுவாள்.

"அத்தை, இங்க ஏக்தம் மஸ்த்! மம்மிக்குக் கோபமே வரலை, நம்ப மாட்டீங்க. பப்பாவும் டிவி பாத்து ஹஸ் ரஹே ஹைன், சிரிச்சுக்கிட்டே இருக்காரு. நீங்க எப்போ வரீங்க அத்தை? ஜல்தி வாங்க."

இரண்டையும் அந்தப் பெண் ஒரே மூச்சில்தான் சொன்னாள். அக்கா முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"ஓடுதுப்பா" என்றார் போனை வைத்துவிட்டு.

"அக்கா, உங்க ரூல் என்ன?" என்று மடக்கினேன். "எடுத்தா ஓடுதுன்னு பாத்தா போதாது. திரும்ப வச்சுப் பாக்கணும். இல்லேன்னா சும்மா பழி."

பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்டதாக நினைத்தேன். அவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப அதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை. அக்காவும் நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போனார். இரண்டு நாள் கழித்து வந்தார்.

"என்னக்கா ஆச்சு? ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லலை. காபி குடுத்தா. நல்ல காபி."

"அப்புறம் என்ன?"

"வெளியில செருப்பைக் கழட்டும்போது உள்ள பாடிக்கிட்டிருந்தா. நல்லாப் பாடுவால்லா. பெல் அடிச்சேன். பாட்டு நின்னுட்டு."

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு தடவை ஒரு காவடி வீடியோவில் இப்படித்தான் நின்றது. ஒரு துண்டை மெதுவாக ஓட வைத்திருந்தேன். அதன் மேலேயே ஒரு காட்சி கரைந்து இன்னொன்றாவது மாதிரியும் செய்திருந்தேன். இதை எடுத்தாலும் ஓடியது, அதை எடுத்தாலும் ஓடியது. இரண்டும் சேர்ந்தால்தான் நின்றது. 'ரெண்டு பேர் மேலயும் தப்பில்லை, ஒரே இடத்துல வைக்கப்படாது, அவ்வளவுதான்' என்று சொன்னது இதே அக்காதான். அதை நினைவுபடுத்தினேன்.

"உங்களை எடுத்தா ஓடுது, சரி. லலிதாவை எடுத்தாலும்தான் ஓடும். அப்புறம் ஏன் உங்களை எடுக்கணும்?"

"ஓடும். ஆனா படம் அவளோடதுலா" என்றார் அக்கா.

முனிர்க்காவில் ஒரு மாடி அறை பார்த்துக்கொண்டு போனார். மோகன் தடுப்பான் என்று நான் நினைத்தேன். அவரும் நினைத்திருக்க வேண்டும், ஏனென்றால் சாமான் ஏற்றுகிற அன்று வழக்கத்துக்கு மாறாக ஒவ்வொரு பொருளையும் மெதுவாக எடுத்துக் கட்டினார். மோகன் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்து கூடவே இருந்தான். பெட்டிகளைத் தானே தூக்கினான். டெம்போக்காரனிடம், "ஜல்தி கரோ பையா, மழை வரும்" என்றான். என்னிடம், "அக்காவுக்குச் சின்ன வயசுலேருந்தே இண்டிபெண்டன்ட்டா இருக்கத்தான் பிடிக்கும் சார்" என்றான். அந்த வருஷம் டெல்லியில் மழையே இல்லை.

அறைக்கு நான் அவ்வப்போது போவேன். ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, ஜன்னலுக்கு எதிரே இன்னொரு வீட்டின் ஜன்னல். அக்கா புகார் சொன்னதில்லை. புகார் சொல்ல எப்போது என்று தெரிய வேண்டும், அவருக்கு எப்போதும் அப்படித்தான் இருந்தது. நித்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும்தான் ஒரு நாள் தானாகப் பேச்செடுத்தார்.

"பொண்ணு போயிட்டா அவ ரூம் காலியாயிரும். மோகனுக்கும் சுகர் வந்துட்டு. லலிதாவும் தனியா இருந்து என்ன செய்வா. கூப்பிடுவாவோன்னு நெனைக்கேன்."

"நீங்களே கேட்டா என்னக்கா?"

"நான் கேட்டா ஏறி உக்காந்த மாதிரி. அவன் கூப்பிடணும். கூப்பிட்டா போவேன்." அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "நானும் இப்பம் யாரையும் எப்பம்னு கேக்கது இல்லைப்பா" என்றார்.

அந்த வாக்கியத்தை அவர் எத்தனை நாளாகப் பழகி வைத்திருந்தாரோ.

கல்யாண ரிசப்ஷனில் போடுவதற்கு நித்யாவின் குழந்தைப் பருவத்திலிருந்து ஒரு வீடியோ வேண்டும் என்று மோகன் என்னிடம் கேட்டான். பழைய கேம்கார்டர் டேப்புகளை லாஜ்பத் நகரில் ஒரு கடையில் ஃபைலாக மாற்றி வாங்கி வந்து கொடுத்தான். அந்தக் கேமராவை நித்யா பிறந்த வருஷம் பாலிகா பஜாரில் வாங்கியது அக்கா. டேப் முழுக்க எடுத்ததும் அவர்தான், வேறு யாரையும் அதைத் தொடவிட்டதில்லை. அதனால் ஒரு டேப்பிலும் அவர் இல்லை. குரல் மட்டும் இருந்தது.

ரிசப்ஷன் அன்று காலை வழக்கம்போல வீடியோ நின்றது. நான் வழக்கம்போல முருகனுக்கு நேர்ந்துகொண்டு, கிரைண்டரைச் சந்தேகப்பட்டு, கடைசியில் அக்காவுக்கு போன் செய்தேன். சாயங்காலம் கட்ட வேண்டிய பட்டுப் புடவையை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார். அதை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். பாதியை எடு, வை, மீதியில் பாதியை எடு. சீக்கிரமே தெரிந்துவிட்டது. டேப்பில் படத்தின் மேல் குற்றம் இல்லை. சத்தம்தான். கடையில் மாற்றும்போது சத்தத்தின் கணக்கு தவறிப்போய், படம் ஒரு பக்கமும் சத்தம் ஒரு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தன. இரண்டையும் பொருத்திப் பார்க்க முயன்றுதான் சாஃப்ட்வேர் நின்றுபோனது.

சத்தம் என்றால், நித்யாவின் மழலை கொஞ்சம். மீதி முழுக்க, "நித்தி, இங்க பாரு. அத்தையைப் பாரு. யாரு வந்திருக்கா? இங்கன பாரு தங்கம்." அந்தக் குரலில் இருந்த அக்காவை எனக்குத் தெரியாது. இருபத்தி நாலு மணி நேரமும் விசாரணை நடத்துகிற குரல் இல்லை அது.

"வேற ஒரு புரோகிராம்ல போட்டு ஃபைலை மாத்திடலாம்க்கா" என்றேன். "சத்தம் சரியாயிடும். மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்."

"மோகன் என்ன கேட்டான்?"

"பின்னணியில பாட்டு போடச் சொன்னாரு."

"அப்பம் சத்தத்தை எடுத்துரு. பாட்டைப் போடு."

"அக்கா, நேரம் இருக்கு. உங்க குரல்தானே முழுக்க."

"இன்னைக்கு ஒண்ணும் நின்னிரப்படாதுப்பா" என்றார். "மோகன் இன்னைக்குப் பேசுவான்னு நெனைக்கேன்."

எடுத்தேன். ஓடியது. திரும்ப வைத்து நிற்கிறதா என்று பார்க்கச் சொல்வார் என்று கையை மவுஸில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அக்கா எழுந்து, புடவை மடிப்பு வைக்க என் மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆர்.கே.புரம் பக்கம் ஒரு ஹால். மேடையில் மணமக்கள், பக்கத்தில் பெரிய திரை. லேப்டாப்போடு நான் முன்வரிசை ஓரத்தில். அக்காவுக்கு எனக்குப் பின்வரிசையில் இடம் கிடைத்திருந்தது. முன்வரிசை சம்பந்தி வீட்டாருக்கு. மோகனும் லலிதாவும் அவர்களோடு உட்கார்ந்திருந்தார்கள். நித்யா மேடையிலிருந்து அத்தைக்குக் கையசைத்தாள். அதற்குள் போட்டோக்காரன் அவள் முகத்தைத் திருப்பினான்.

வீடியோ ஓட ஆரம்பித்தது. குழந்தை நித்யா திரையில் தவழ்ந்து வந்தாள். கேமராவுக்கு மேலே யாரையோ பார்த்துக் கையை நீட்டிச் சிரித்தாள். பின்னால் நாதஸ்வரம்.

"இனிமே வீடு வெறிச்சுன்னு போயிடுமே உங்களுக்கு" என்றார் சம்பந்தியம்மா. "அவ ரூமைப் பாத்தாலே அழுகை வரும்."

"அந்த ரூமை நான் ஆபீஸ் ரூமா மாத்திக்கப் போறேன்" என்றான் மோகன். "வீட்டுல நாங்க ரெண்டு பேர்தானே. பழகிடும்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்வரிசைக்கு எல்லாம் கேட்கும் என்று எனக்குத் தெரியும். ஹாலில் அவ்வளவு கூட்டமில்லை.

சம்பந்தி திரையைக் காட்டினார். "அந்தக் காலத்துலயே இவ்வளவு அழகா எடுத்து வச்சிருக்கீங்களே. யார் எடுத்தது?"

மோகன் கொஞ்சம் வெட்கப்பட்டான். "நான்தான்" என்றான்.

அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் திரையில் அவனே வந்தான். பனியனும் லுங்கியும், வாயில் பிரஷ், உதட்டைச் சுற்றி நுரை. கேமராவுக்கு நேராக வந்து நின்று, அதைப் பிடித்திருப்பவரிடம் என்னவோ கேட்டான். குழந்தை அவன் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தது.

என் விரல் ஸ்பேஸ் பாரில் இருந்தது. ஒரே ஒரு தடவை, மெதுவாகத் தட்டினேன்.

படம் நின்றது. நுரையோடு மோகன், சுவர் அளவுக்கு. பாட்டும் நின்றுபோனதால் ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சிரித்தார்கள். யாரோ, "க்யா ஹுவா, ஹேங் ஹோ கயா?" என்றார்கள். மோகனும் சிரித்துக்கொண்டே என் பக்கம் குனிந்தான்.

"என்ன சார் ஆச்சு? ஜல்தி பாருங்க."

"தெரியலை மோகன். நின்னுடுச்சு."

"இந்த இடத்துலயா நிக்கணும்? மானம் போகுது."

"பாத்துக்கிட்டிருக்கேன்" என்றேன். உண்மையிலேயே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அவனை. அவன் தன் பெரிய முகத்தை நிமிர்ந்து பார்த்தான். தலை நிறைய முடி. அதைப் பார்த்துச் சம்பந்தி சிரித்தார், சம்பந்தியம்மா சிரித்தார். அப்போ கேமரா யார் கையில் என்று ஒரே ஒருத்தராவது கேட்பார் எனக் காத்திருந்தேன். எல்லோருக்கும் முடிதான் தெரிந்தது. லலிதா மட்டும் சிரிக்காமல் மடியில் இருந்த கைக்குட்டையைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

பின்னாலிருந்து ஒரு விரல் என் தோளைத் தொட்டது.

"ஓட்டுப்பா" என்றார் அக்கா.

தட்டினேன். அதற்குப் பிறகு அது எங்கேயும் நிற்கவில்லை.